பேசும் கம்ப்யூட்டரை விடுங்கள், மேஜையில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள்

கணினிப் பாதுகாப்புப் பயிற்சி நடத்த எந்த அலுவலகத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், ஏஐ ஒருநாள் நம்மளை எல்லாம் அழிச்சிடுமா?" கேள்வி சினிமாவிலிருந்து வருகிறது. சரி, சினிமாவிலிருந்தே பதில் சொல்கிறேன்.

1983இல் வந்த அமெரிக்கப் படம் 'வார்கேம்ஸ்'. பள்ளிப் பையன் ஒருவன் புது வீடியோ கேம் தேடப்போய், அணு ஆயுதங்களைக் கையாளும் ராணுவத்தின் பேசும் கணினிக்குள் நுழைந்துவிடுகிறான். அப்போதைய அதிபர் ரீகன் படத்தைப் பார்த்துவிட்டு, முப்படைத் தளபதிகளின் தலைவர் ஜான் வெஸ்ஸியிடம் நிஜத்தில் இப்படி நடக்குமா என்று கேட்டார். விசாரித்துவிட்டு வந்த வெஸ்ஸி, நிலைமை நீங்கள் நினைப்பதைவிட மோசம் என்றார். 1984 செப்டம்பரில் அரசுக் கணினிகளின் பாதுகாப்புக்காக ஓர் அதிபர் ஆணையே வந்தது. இத்தனைக்கும் வில்லிஸ் வேர் என்ற நிபுணர் 1967லேயே இந்த ஆபத்தை எழுதிவைத்திருந்தார். கட்டுரை செய்யாததை ஒரு கதை செய்தது. (படத்தின் கதாசிரியர்கள் ஆலோசனை கேட்டதும் அவரிடம்தான்.)

ஆனால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் படத்தில் பிடித்தது பேசும் கம்ப்யூட்டர் அல்ல. பையன் பள்ளிக் கணினியில் புகுந்து மதிப்பெண்ணைத் திருத்துகிறான். பாஸ்வேர்டு கிடைத்தது எப்படி? பள்ளி அலுவலக மேஜையில் ஒட்டியிருந்த சீட்டில். பழையதையெல்லாம் வரிசையாக அடித்து, கடைசியில் 'பென்சில்' என்று எழுதியிருக்கிறது. ராணுவக் கணினியின் கதவைத் திறந்ததோ, அதை உருவாக்கியவரின் இறந்துபோன மகனுடைய பெயர். இன்றும் நான் போகும் இடங்களில் கீபோர்டைத் தூக்கிப் பார்த்தால் அதே சீட்டு. பாஸ்வேர்டும் அதே பிள்ளை பெயர்தான், கூடவே ஒரு 123.

அறிவியல் புனைகதைகள் ஒரு கெடுதலும் செய்திருக்கின்றன. கதையில் மனித வேஷம் போடும் இயந்திரம் எங்காவது மாட்டிக்கொள்ளும். குரல் தட்டையாக இருக்கும், கண் சிமிட்டாது. அதைப் பார்த்துப் பழகியவர்கள், "என் பையன் குரல் எனக்குத் தெரியாதா?" என்கிறார்கள். ரீல்ஸில் இருக்கும் சில விநாடிப் பேச்சே இன்று ஒருவர் குரலை நகலெடுக்கப் போதும். நகல் கரகரப்பதும் இல்லை.

2024இல் வெளியான ஹாங்காங் சம்பவத்தைப் பாருங்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி மெயில் வந்தது. மோசடியாக இருக்குமோ என்று அவர் சரியாகவே சந்தேகப்பட்டார். அப்புறம் வீடியோ காலில் நிதித் தலைவரும் மற்ற அதிகாரிகளும் வந்தார்கள், சந்தேகம் போய்விட்டது. அவர்கள் எல்லோருமே போலி. 15 தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. புத்தி பிடித்துவைத்த திருடனைக் கண்ணும் காதும் சேர்ந்து விடுவித்துவிட்டன.

அதனால் போலிக் குரலைக் கண்டுபிடிக்கும் தந்திரங்களை நான் பயிற்சியில் சொல்லித்தருவதில்லை. மென்பொருள் மாற மாற அவை காலாவதியாகிவிடும். அவசரமாகப் பணம் கேட்டு யார் பேசினாலும், குரல் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும், போனை வையுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். அலுவலகத்தில் பெரிய தொகை என்றால் இரண்டாவது ஆள் ஒப்புதல் இல்லாமல் போகக்கூடாது, எம்.டி. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக வயதான அப்பா அம்மாவுக்காக. அதை நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பிள்ளை பெயரும் வேண்டாம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. பேசும்போது வங்கிக் குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்திருங்கள், அதைக் கேட்பார்கள்.