ஊரில் ‘உஸ்’ என்று விடும் கேஸ், கப்பலில் கிலோ கணக்கு

ஏசி மெக்கானிக் மொட்டைமாடி ஏறி, பழைய கேஸை ‘உஸ்’ என்று திறந்துவிட்டுப் புதுசு அடிப்பது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பார்க்கக்கூடிய காட்சிதான். லீக்கைத் தேட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. கப்பலில் ஏசி, குளிர் அறை வேலை பார்க்கப் போகும்போது இந்தப் பழக்கம் கையோடு வந்தால் வம்பு. மார்போல் (கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) ஆறாம் இணைப்பின் 12வது விதிப்படி, பழுது பார்க்கும்போது ஆர்-22 போன்ற, ஓசோனைக் கெடுக்கும் குளிர்பதன கேஸை வேண்டுமென்றே வெளியேற்றுவது குற்றம்.

2020 ஜனவரி 1 முதல் கட்டப்படும் கப்பல்களில் ஆர்-22 பொருத்தவே கூடாது. பழைய கப்பல்களில் இருப்பதை ஓட்டலாம். (முற்றம் வைத்த நம் செட்டிநாட்டு வளவு வீடுகள் கேஸே இல்லாமல் குளுகுளுவென்று இருந்தன. இறைச்சி அறைக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டுமே, முற்றம் கட்டியா சமாளிப்பது?)

பழுது பார்க்க லைனைத் திறக்கும் முன் பம்ப் டவுன், அதாவது கேஸை ஒரே இடத்தில் சேர்ப்பது, செய்ய வேண்டும். கேஸைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சருக்குக் கடல்நீர் ஓடட்டும். அந்தத் திரவம் சேரும் தொட்டியான ரிசீவரின் லிக்விட் அவுட்லெட் வால்வை மூடிவிட்டு கம்ப்ரெசரை ஓட்டினால் கேஸ் ரிசீவரில் சேரும். சக்‌ஷன் கேஜ் (கம்ப்ரெசர் இழுக்கும் பக்கத்தின் பிரஷர் காட்டி) பூஜ்யத்துக்குச் சற்று மேலே நிற்கும்போதே நிறுத்துங்கள். வேக்குவம் வரை இழுத்தால், லைனைத் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே பாயும். பிறகு அந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் (திரவத்தின் பிரஷரைக் குறைக்கும் வால்வு) சிறு துளையில் பனியாக உறைந்து அடைக்கும். கம்ப்ரெசரை நிறுத்தியதும், அதன் ஆயிலில் கரைந்த கேஸ் கொதித்து வந்து பிரஷர் திரும்ப ஏறும். ஆகவே இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டியிருக்கும். இதற்காக எல்பி கட்-அவுட்டை (பிரஷர் குறைந்தால் கம்ப்ரெசரைத் தானே நிறுத்தும் சுவிட்ச்) மாற்றி வைத்தவர்கள், வேலை முடிந்ததும் பழையபடி வைக்க மறப்பதுதான் வழக்கமான தவறு. கேஸை மீட்டு எடுக்கும் ரெக்கவரி சிலிண்டரில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டும்.

சைட் கிளாஸில் (லைனில் திரவம் ஓடுவதைக் காட்டும் கண்ணாடி) குமிழி தெரிந்தால் உடனே ‘கேஸ் கம்மி’ என்று அடிக்க வேண்டாம். ஈரத்தை உறிஞ்சும் டிரையர் அடைத்தாலும் குமிழி வரும். ஆயில் கசிந்த கறை எங்கே என்று பாருங்கள்: கம்ப்ரெசரின் ஷாஃப்ட் சீல், குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட், அதிர்வில் தேய்ந்த கேஜ் பைப். பிரஷர் டெஸ்டுக்கு நைட்ரஜன் மட்டும்தான். ஆக்சிஜன் ஏற்றினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். லீக் கண்டுபிடிக்கும் ஹேலைடு விளக்கு, கசியும் ஆர்-22க்குப் பச்சையாக எரியும். குளோரின் இல்லாத இன்னொரு குளிர்பதன கேஸான ஆர்-404ஏ-க்கு நிறம் மாறாது. ஆர்-404ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் கரியமில வாயுவைவிடச் சுமார் 3,900 மடங்கு வெப்பம் பிடிக்கும்.

400 ஜிடி (கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் கிராஸ் டன்னேஜ்) அல்லது அதற்கு மேற்பட்ட கப்பலில், கேஸ் ஏற்றக்கூடிய ஆர்-22 சிஸ்டம் இருந்தால் ஓசோன் பதிவேடு வேண்டும். அடித்தது, கசிந்தது, கரையில் ஒப்படைத்தது, புதிதாக வாங்கியது எல்லாம் அதில் கிலோவில் ஏற வேண்டும். உதாரணமாக, கையிருப்பு 40 கிலோ, அடித்தது 6 என்று எழுதியிருக்கிறது. தராசில் மீதி 31தான். அந்த 3 கிலோ எங்கே என்பதுதான் இன்ஸ்பெக்டரின் முதல் கேள்வி. பொறுப்பேற்கும் நாளிலேயே சிலிண்டர்களை நீங்களே எடை போட்டுவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.