பேட்டைச் சுழற்றும் முன் கண்ணைப் பழக்க வேண்டும்

2004-ல் ஒரு காட்சி ஆட்டத்தில், பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆட்டத்தின் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், ஆல்பர்ட் புஹோல்ஸுக்குப் பந்து வீசினார். அன்றைய பேஸ்பாலின் தலைசிறந்த பேட்டர்களில் புஹோல்ஸ் ஒருவர். சாஃப்ட்பாலின் பந்து பெரியது, வேகமும் அவர் தினமும் சந்திப்பதைவிடக் குறைவு. ஆனாலும் ஸ்டிரைக் அவுட் ஆனார், அதாவது மூன்று ஸ்டிரைக் (அடிக்காமல் தவறவிட்ட பந்து) விழுந்து ஆட்டமிழந்தார்.

தூரம் குறைவு என்பதால் பந்து வந்து சேர எடுத்த நேரம் அவருக்குப் பழக்கமானதுதான். உடல் வலிமையிலும் குறை இல்லை. ஆனால் தோளுக்கு மேலிருந்து வரும் பந்தை ஆயிரக்கணக்கான முறை பார்த்துத் தேர்ந்த கண்ணுக்கு, இடுப்புக்குக் கீழிருந்து வரும் பந்தைப் படிக்கத் தெரியவில்லை. பேஸ்பாலில் பந்தை அடிக்கும் திறமை கையில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் முதன்மைப் போட்டியான மேஜர் லீகில் பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் இடத்துக்கும், பேட்டர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 18.44 மீட்டர். மணிக்கு 153 கி.மீ. வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 நொடியில் வந்துவிடும். அதில் பேட்டைச் சுழற்றவே சுமார் 0.15 நொடி போய்விடும். மிச்சம் இருப்பது கால் நொடி. அதற்குள் இது வேகமாக வரும் ஃபாஸ்ட்பாலா, வளைந்து இறங்கும் கர்வ்பாலா, எங்கே வந்து சேரும், அடிக்கலாமா விடலாமா என்று முடிவு செய்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு இது எளிது என்று நினைக்க வேண்டாம். சிறுவர் போட்டியான லிட்டில் லீகில் 12 வயதுப் பிள்ளைக்குத் தூரம் 14 மீட்டர்தான். எதிரில் நிற்கும் பையன் 112 கி.மீ. வேகத்தில் வீசினால், அதுவும் கிட்டத்தட்ட அதே 0.4 நொடி.

அதனால்தான், “பந்து பேட்டில் படும்வரை பார்த்துக்கொண்டே இரு” என்ற அறிவுரையை அப்படியே பின்பற்ற முடிவதில்லை. டெர்ரி பாஹில் என்ற பொறியாளர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொழில்முறை வீரரின் கண்களே பிளேட்டுக்குச் சுமார் 1.7 மீட்டர் முன்னால்வரைதான் பந்தைத் தொடர முடிந்தது. அதற்குப் பிறகு பந்து கண்ணைக் கடக்கும் வேகம், கண் திரும்பும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. எனவே பார்வைக்கு முக்கியமான இடம் முடிவில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது: பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபடும் புள்ளி. விரல்கள் பந்தை விடும் விதமும், தையல் சுழலும் விதமும் அங்கேதான் தெரியும். கர்வ்பால் கையை விட்டதும் லேசாக மேலே எழும்புவது போலத் தோன்றும். அந்தச் சின்ன எழும்பலைப் பிடித்துவிட்ட பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது.

சரி, இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? நிலையான தண்டில் பந்தை வைத்து அடிக்கும் ‘டீ’ பயிற்சி, சுழற்சியைச் சீராக்க நல்லது. கால், இடுப்பு, மார்பு, கை என்ற வரிசையில் விசை ஏறி பேட்டுக்கு வருவதை அங்கே பழகலாம். ஆனால் அந்தப் பந்து அசையாது. கண்ணுக்கு அங்கே எந்தப் பாடமும் இல்லை.

1994-ல் கல்லூரி வீரர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. வாரம் இருமுறை, 6 வாரங்கள், ஒவ்வொரு முறையும் 45 பந்துகள் கூடுதல் பயிற்சி. ஒரு குழுவுக்கு 15 ஃபாஸ்ட்பால், அப்புறம் 15 கர்வ்பால், பிறகு 15 சேஞ்சப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) என்று வகைவகையாக வீசினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே பந்துகளைக் கலந்து வீசினார்கள். வகைவகையாகப் பழகியவர்கள் சுமார் 25 சதவீதம் முன்னேறினார்கள். கலந்து பழகியவர்களின் முன்னேற்றம் சுமார் 57 சதவீதம்! அடுத்து வருவது கர்வ்பால்தான் என்று தெரிந்துவிட்டால் மூளை தேர்வு செய்ய வேண்டியதில்லை, சும்மா அடித்தால் போதும். கலந்து வரும்போது ஒவ்வொரு பந்துக்கும் அது புதிதாக முடிவெடுக்கிறது. இந்த வகைப் பயிற்சியில் தவறுகள் அதிகம் தெரியும், பெற்றோர்கள் முகம் சுளிப்பார்கள். பயிற்சியாளர் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எந்தப் பந்தை அடிப்பது என்பதில் மேஜர் லீக் பேட்டர் டெட் வில்லியம்ஸ் காட்டிய வழி இன்றும் பொருந்தும். 1941-ல் .406 சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 406 வெற்றிகரமான அடி என்ற கணக்கு) எடுத்தவர் அவர். ஸ்டிரைக் ஸோனை, அதாவது அடிக்கத்தக்க பந்து கடந்து வரும் பிளேட்டுக்கு மேலான கற்பனைக் கட்டத்தை, 77 பந்துகள் அளவுக்குப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் தன் சராசரி என்னவாக இருக்கும் என்று கணித்தார். நடுவில் .400, வெளிப்புறக் கீழ்மூலையில் .230. ஸோனுக்குள் வருகிறது என்பதற்காகவே எல்லாப் பந்தையும் துரத்தினால் தன் பலத்தையே வீணாக்குகிறோம். சிறுவனுக்கு 77 கட்டங்கள் வேண்டாம், தனக்குப் பிடித்த ஓர் இடம் தெரிந்தால் போதும். இரண்டு ஸ்டிரைக் விழும்வரை அந்த இடத்துக்காகக் காத்திருக்கட்டும். விழுந்த பிறகு வலையைக் கொஞ்சம் அகலமாக விரிக்கட்டும்.

காத்திருப்பது என்றால் கல்லாக நிற்பது இல்லை. ஒவ்வொரு பந்தையும் அடிக்கப் போவதாகவே எண்ணி முன்காலை எடுத்து வைக்க வேண்டும். வேண்டாத பந்து என்று தெரிந்தால் கையை நிறுத்திக்கொள்ளலாம். முடிவெடுத்த பிறகு உடலைத் தயார் செய்யத் தொடங்கினால் கட்டாயம் தாமதமாகிவிடும்.

ஆட்டத்தின் நடுவே “முழங்கையைத் தூக்கு, தோளைத் திருப்பு” என்று வெளியிலிருந்து கத்துவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. தேர்ந்த பேட்டர்கள் தங்கள் சுழற்சியைக் கவனிக்கத் தொடங்கினால் ஆட்டம் மோசமாவதை ஆய்வாளர் ராப் கிரே 2004-ல் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார். அதற்குப் பதிலாக, பிட்சர் பழகும்போது பிள்ளையை ஹெல்மெட்டோடு பிளேட் அருகே நிறுத்தலாம். அடிக்கக் கூடாது, பந்தின் வகையை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் அவுட்டாகித் திரும்பும்போதும் “என்ன பந்து வந்தது?” என்று மட்டும் கேட்கலாம்.

இன்னொன்று, பேட்டின் கனம். ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்து அரை நிமிடம் தாங்க முடியாத பேட் அந்தப் பிள்ளைக்குக் கனம் அதிகம். இலகுவான பேட்டால் சுழற்சியில் 0.01 நொடி மிச்சமானாலும், 112 கி.மீ. வேகத்தில் வரும் பந்தை இன்னும் 30 செ.மீ. தூரத்துக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.