காலையில் டம்ளர் கை நழுவினால்

பத்தாம் வகுப்பு படிக்கும் மகனை இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை) எடுக்க பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா அழைத்து வந்திருந்தார். தலையில் அதற்கான எலக்ட்ரோடு ஒயர்களை ஒட்டும்போது நான் பேச்சுக் கொடுப்பது வழக்கம். பிள்ளைகளுக்குப் பயம் தெளியும். "காலைல என்ன சாப்ட்டே தம்பி?" என்று கேட்டேன். அவன் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "எங்க மேடம்! டம்ளரைக் கைல குடுத்தா பாலோட தூக்கிப் போடறான். ஒரு மாசமா இதே கதை. பல் தேய்க்கற பிரஷ்கூட பறந்துபோய் விழுது. எப்பவும் கேம் நெனப்பு, கவனமே இல்ல."

பேஸ்ட் தடவிய கையோடு அப்படியே நின்றுவிட்டேன். 17 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். காலையில் தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கை தானாக வெட்டி இழுப்பதை எத்தனையோ வீடுகள் அலட்சியம் என்று திட்டியே தாண்டிவிடுகின்றன. அது பதின்வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பின் முதல் அடையாளமாக இருக்கலாம். அந்தப் பையனுக்குப் பெரிய ஃபிட்ஸ் வந்த பிறகுதான் இங்கே வந்தார்கள். அவன் விளையாடியது, பாட்டின் தாளத்துக்குத் தட்டித் தட்டித் தடைகளைத் தாண்டும் ஒரு கேம். ஒரு கடினமான லெவலை 94 சதவீதம் வரை முடித்துவிட்டானாம். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று லைட்டை அணைத்துவிட்டு, போர்வைக்குள் இரவு இரண்டு மணி வரை. ஆறு மணிக்கு எழுந்து மறுபடியும்.

தாளத்துக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள கணக்கை அவன் அப்பாவுக்கு மிருதங்கத்தை வைத்துத்தான் விளக்கினேன். பாட்டு நிமிடத்துக்கு 128 தட்டு என்றால் நொடிக்கு இரண்டுக்குச் சற்று மேல். தட்டுக்கு ஒரு முறை திரை மின்னினால் பெரும்பாலும் தொந்தரவில்லை. அதே மின்னல் இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், நொடிக்கு நான்காகும், மூன்றாம் காலத்தில் எட்டைத் தாண்டும், அதற்கும் மேல் போனால் 17. வெளிச்சத்தால் தூண்டப்படும் மூளைக்கு நொடிக்கு 3 முதல் 30 வரையிலான மின்னல்தான் ஆபத்து. அதனால்தான் இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறை நொடிக்கு மூன்று முறைக்கு மேல் திரை மின்ன வேண்டாம் என்கிறது. பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில்தான் இந்த கேம்களில் திரை வேகமாக வெடிக்கும். பிள்ளை கண் கொட்டாமல் பார்ப்பதும் அந்த இடத்தில்தான்.

எங்கள் பரிசோதனையிலும் முகத்துக்கு நேரே ஒரு விளக்கை வெவ்வேறு வேகத்தில் மின்ன விடுவோம். நொடிக்கு 15 வந்தபோது அவன் தலையின் இரு பக்க அலைகளும் ஒரே நேரத்தில் கூர்கூராக எழுந்தன. அந்த நொடியே விளக்கை அணைத்தேன். தொடர்ந்தால் ஃபிட்ஸே வந்துவிடலாம். நோய் இன்னது என்று சொல்வது நரம்பியல் மருத்துவரின் வேலை. அவர் மாத்திரை தொடங்கினார்.

பெற்றோர் அரண்டுபோக வேண்டாம். வலிப்பு உள்ளவர்களிலேயே சுமார் 100க்கு 3 பேருக்குத்தான் வெளிச்சத்தால் வருகிறது. ஆனால் வந்த பிறகுதான் பலருக்கு அது தெரியவே வருகிறது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரில் சிவப்பும் நீலமும் நொடிக்கு சுமார் 12 முறை மாறி மாறி மின்ன, 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை.

கேமைப் பிடுங்கி வைப்பதால் மட்டும் தீராது. ஒளிந்து விளையாடும் பிள்ளை இருட்டில்தான் விளையாடும், தூக்கமும் போகும். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். ஹாலில், லைட் எரிய, திரையைத் தள்ளி வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து விளையாடட்டும். மின்னலைக் குறைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறதா என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஏற்கெனவே ஃபிட்ஸ் வந்த பிள்ளை என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். திடீரென்று திரை மின்னிக் கண் கூசினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினால் இமை வழியாகச் சிவப்பு வெளிச்சம் உள்ளே போகும், அது இன்னும் கெடுதல்.

ஃபிட்ஸ் வந்தே விட்டால் கையில் சாவி, இரும்பு எதுவும் திணிக்காதீர்கள். வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ 108ஐ அழையுங்கள்.

காலையில் கை உதறுவதாகச் சந்தேகம் இருந்தால் ஃபோனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. இ.இ.ஜி.க்கு வரும்போது முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் வைக்காமல் அழைத்து வாருங்கள். எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு ஒட்டாது.