ஏற்காட்டு மூடுபனியும் பழைய காரின் வண்ணப்பூச்சும்

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களின் கொட்டகைகளில் நிற்கும் பழைய அம்பாசிடர் கார்களின் மேற்கூரையை ஈரத்துணியால் துடைத்தால், காரின் நிறமே துணியில் ஏறிவிடும். பெயிண்ட் செத்துவிட்டது என்று முழுவதையும் சுரண்டச் சொல்பவர்களே அதிகம். அவ்வாறு சுரண்டுவது, காப்பாற்றக்கூடிய ஒன்றைக் கைவிடுவதாகும் என்பது என் உறுதியான கருத்து.

நிறமித் துகள்களைப் பிசின் பிடித்துவைத்திருப்பதுதான் பூச்சு. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிசினைச் சிதைக்கும்போது துகள்கள் பிடிப்பிழந்து மாவாக உதிர்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், தெளிந்த வானத்தின்கீழ், இக்கதிர்கள் சேலத்தைவிடக் கடுமையாக விழுகின்றன. ஆயினும் சிதைவு பெரும்பாலும் மேல்தோலில்தான் நிகழ்கிறது. ரப்பிங் காம்பவுண்ட் என்னும் மெருகேற்றும் பசையால் மெதுவாகத் தேய்த்தால் அடியிலிருக்கும் நல்ல நிறம் வெளிப்படும். பூச்சின் மொத்தத் தடிமனே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பதால், அது மேலும் மெலிந்திருக்கும் விளிம்புகளில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

மலைப்பாதையில் கல் தெறித்துத் தகடு தெரியும் இடங்களுக்கு டச்சப், அதாவது அந்த இடத்தில் மட்டும் துளித்துளியாகப் பூச்சு வைப்பது, வேண்டும். இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைப்பதால், சுற்றியுள்ள பூச்சை அடியிலிருந்து தூக்கிவிடும். துருவை முற்றிலும் நீக்கிய பிறகே பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூச வேண்டும்.

அடுத்து, பழைய பூச்சு எவ்வகை என்று அறிய வேண்டும். கண்ணில் படாத மூலையில் தின்னர் (பெயிண்டை இளக்கும் கரைப்பான்) நனைத்த பஞ்சை ஒற்றினால், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் கரைந்து பஞ்சில் ஒட்டும். டூபாண்ட் நிறுவனம் 1920-களில் ‘டூகோ’ என்ற பெயரில் பரப்பிய வகை இது. தின்னர் ஆவியாவதாலேயே இது உலர்கிறது. ஆகவே புதிதாக வைக்கும் துளி, பழைய பூச்சையும் சிறிது கரைத்து அதனோடு ஒன்றிப்போகிறது. எனாமல் அப்படியன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வலைப்பின்னலாக இறுகுவதால் அது மீண்டும் முழுமையாகக் கரையாது. வீரியமான தின்னர் பட்டால் சுருங்கி எழும்பவும் கூடும். எனவே அதன்மேல் எனாமலையே பூசுவது பாதுகாப்பானது.

என்.சி. பெயிண்டுக்கு ஏற்காட்டின் பனிதான் பெரும் பகை. விரைந்து ஆவியாகும் தின்னர் பரப்பின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குளிர்ந்த அப்பரப்பில் காற்றின் ஈரம் நீராகப் படிய, ஈரமான பூச்சு பால்போல் வெளுத்துவிடுகிறது. பனி விலகிய நண்பகலில், மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து பூசினால் இது பெரும்பாலும் நேராது. அதே தின்னர் சேலத்துச் சித்திரை வெயிலிலும் உதவுகிறது. அங்கே பூச்சு சமமாகப் பரவுமுன் காய்ந்துவிடுவதுதான் சிக்கல்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்திலேயே ஒப்பிட வேண்டும், ஏனெனில் குழல்விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் வெயிலில் வேறுபடலாம். தின்னர் வெளியேற வெளியேறத் துளி சுருங்குவதால், மெல்லிய பல அடுக்குகளாக வைத்துச் சுற்றுப்பரப்பைவிடச் சற்று மேடாக நிறுத்தி, சில வாரங்கள் கழித்து நீர் தொட்டுத் தேய்க்கும் மிக நுண்ணிய உப்புத்தாளான 2000 எண் வாட்டர் பேப்பரால் அந்த மேட்டை மட்டும் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும்.