இருபத்தொன்றாம் குரோமோசோம் மூன்றாகும்போது

டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தையைக் கையில் எடுத்ததுமே அனுபவமுள்ள மருத்துவருக்குச் சந்தேகம் எழுந்துவிடும். தசைகளில் இறுக்கம் குறைவு, உடம்பு துவளும். மூக்குத்தண்டு தட்டையாகவும், கண்களின் வெளி ஓரம் சற்று மேலேறியும், காதுகள் சிறியவையாகவும் இருக்கும். பிடரித் தோல் தளர்ந்திருக்கும். சில குழந்தைகளுக்கு உள்ளங்கையில் குறுக்கே ஒரே ஒரு ரேகை ஓடும். கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடைவெளி அதிகம் தெரியும். இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஒற்றை ரேகை எந்தக் குறைபாடும் இல்லாத பலருக்கும் உண்டு. இரத்தம் எடுத்து, செல்களுக்குள் மரபணுக்களைச் சுமந்திருக்கும் குரோமோசோம்களைப் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனைதான் உறுதி சொல்லும்.

இந்த அடையாளங்களை 1866-இல் தொகுத்து எழுதியவர் இங்கிலாந்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன். காரணம் பிடிபட 1959 வரை ஆனது. பாரிஸில் மருத்துவர் மார்த் கோத்தியே வளர்த்தெடுத்த செல்களில் 46-க்குப் பதில் 47 குரோமோசோம்கள் இருந்தன. கூடுதலாக இருந்தது 21-ஆம் எண் குரோமோசோம்.

அது எப்படிக் கூடுகிறது? பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஜோடிக் குரோமோசோம்கள் பிரியத் தொடங்கி, பாதியிலேயே நின்றுவிடும். பருவமடைந்த பிறகு, முட்டை முதிர்ந்து வெளியேறும் மாதத்தில்தான் அந்தப் பிரிவு மறுபடி தொடரும். இடையில் இருபது, முப்பது, நாற்பது வருடங்கள்! அத்தனை காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கொஹீசின் என்ற புரதங்கள். வயது ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. பிரிய வேண்டிய ஜோடி பிரியாமல் ஒரே முட்டைக்குள் தங்கிவிட்டால், தந்தையிடமிருந்து வருவதோடு சேர்ந்து மூன்றாகிவிடும். அதனால்தான் 20 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1,500 பிரசவங்களில் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, 40 வயதில் 100-க்கு ஒன்றாகிறது. விந்தணுவிலும் இந்தப் பிழை நேரலாம், குறைவுதான்.

கிரகணத்தில் வெளியே போனாள், ஆகாததைச் சாப்பிட்டாள் என்று தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. அது பெரிய அநியாயம். அவள் செய்த எதுவும் இதற்குக் காரணமில்லை.

இந்தக் குழந்தைகளில் நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மட்டும் கதை வேறு. கூடுதல் 21 தனியாக நிற்காமல், பெரும்பாலும் 14-ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து அது வந்திருக்கலாம் என்பதால், அடுத்த குழந்தைக்கு முன் இருவரும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது பிரதி வந்ததும் அதிலுள்ள இருநூற்றுச் சொச்சம் மரபணுக்கள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. கருவிலேயே இதயம் உருவாகும் விதம் மாறுகிறது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இதயக் குறைபாடு இருக்கிறது. வெளியே அறிகுறி தெரியாமலும் இருக்கும் என்பதால், பிறந்தவுடன் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுத்தே ஆக வேண்டும். தைராய்டு, காது, கண் பரிசோதனைகளையும் தவறவிடக் கூடாது. அமெரிக்காவில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வருடங்கள். இப்போது 60-ஐ ஒட்டி நிற்கிறது. இதய அறுவை சிகிச்சை காலத்தில் கிடைத்தது அதற்கு முக்கியக் காரணம்.