பூரிக்கட்டை ஏன் கோணிக்கொள்கிறது?

தங்கைக்குக் கொடுக்கலாம் என்று வேப்பங்கட்டையில் ஒரு பூரிக்கட்டை கடைந்தேன். மரம் வெட்டி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஈரக்கட்டையைக் கடைவது தனி சுகம். உளி பட்டதும் நீளநீளமாகச் சுருள் விழும். கடைந்து முடித்தபோது கச்சிதமான உருளை, விட்டம் 50 மில்லிமீட்டர். இரண்டு மாதம் கழித்து அவள் அதில் சப்பாத்தி தேய்க்கும்போது பலகையில் தடக் தடக் என்று சத்தம். அளந்து பார்த்தால் ஒரு பக்கம் 49, அதற்குக் குறுக்கே 48.

மரக்கட்டையைக் கோடிக்கணக்கான நுண்குழாய்களின் கட்டு எனலாம். பச்சை மரத்தில் அந்தக் குழாய்களுக்குள்ளும் நீர் இருக்கும், குழாயின் சுவருக்குள்ளும் இருக்கும். முதலில் வெளியேறுவது உள்ளே இருக்கும் நீர். அதனால் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவரில் ஊறிய நீர் கிளம்புகிறது. சுவரில் இருப்பவை செல்லுலோஸ் இழைகள். இடையில் இருந்த நீர் போனதும் அவை நெருங்கி உட்கார்கின்றன, கட்டை சுருங்குகிறது.

எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்கினால் தொல்லையே இல்லை. இழைகள் நெடுக்குவாட்டில் ஓடுவதால் நீளம் அநேகமாகக் குறையாது. குறுக்கே மட்டும்தான் சுருக்கம், அதிலும் பாரபட்சம் உண்டு. மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் ஆரக்கதிர்த் திசுக்கள் அந்தத் திசையில் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. மையத்தைச் சுற்றி ஓடும் வளர்ச்சி வளையங்களின் போக்கில் அப்படிப் பிடிப்பு இல்லை. முழு ஈரத்திலிருந்து முற்றிலும் காயும்வரை தேக்கு ஆரத் திசையில் ஏறக்குறைய 2.5 சதவீதம் சுருங்கும், வளையத் திசையில் 6 சதவீதத்தை நெருங்கும். நடு மையத்தோடு அறுத்த முழுத் தடி வெயிலில் நட்சத்திரம் போல வெடிப்பதும் இதனால்தான்: சுற்றளவு சுருங்கப் பார்க்கிறது, ஆரம் இடம் கொடுக்க மறுக்கிறது.

அடுத்த கட்டைக்கு மையத்தைத் தவிர்த்து, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்தேன். தேவைக்கு மேல் பருமனாகக் கடைந்து நிழலில் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்தேன். எடை குறைவது நின்றால், சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன்பிறகுதான் இறுதி அளவுக்குக் கடைந்தேன். கைப்பிடிச் சரிவில் உளி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே போக வேண்டும். பென்சில் சீவுவது போல. அப்போது வெட்டுப்படும் இழைக்கு அடியில் உள்ள இழை தாங்கல் கொடுக்கும். எதிர்த்திசையில் போனால் இழை பிய்ந்துகொண்டு வரும்.

கடைசியாக எண்ணெய். தேங்காய் எண்ணெய் காற்றில் கெட்டிப்படாது. ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்லிய படலமாக இறுகும். அந்த வினை வெப்பத்தையும் வெளிவிடுவதால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பற்றக்கூடும். என் பட்டறையில் அதைத் தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன்.