பார்ட்னர் ஆகப் போகிறீர்களா? ஈ.பி.எஃப் என்னாகும் என்று முதலில் கேளுங்கள்

கொழும்பில் பெரிய சட்ட நிறுவனங்களில் வேலை செய்யும் நம் மலையகப் பிள்ளைகள் சிலர், "என்னைப் பார்ட்னராக்கப் போறாங்க அக்கா" என்று கடிதத்தோடு வருவார்கள். வாழ்த்துச் சொல்லிவிட்டு நான் முதலில் கேட்பது, "இனி உங்களுக்கு ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவார்களா, மாட்டார்களா?" என்பதைத்தான். அவர்கள் முகம் கொஞ்சம் வாடிப்போகும். ஆனால் தோட்டத்தில் இருக்கிற அம்மாவிடம் இதே செய்தியைச் சொன்னால் அவரும் அதைத்தான் கேட்பார். கொழுந்து பறித்தே காலம் தள்ளியவருக்கு ஈ.பி.எஃப் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஊழியர் என்றால் சம்பளத்தில் 8 வீதம் அவரிடமிருந்தும் 12 வீதம் முதலாளியிடமிருந்தும் ஈ.பி.எஃப் போக வேண்டும். ஈ.ரி.எஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி கட்டும் 3 வீதம் வேறு. பார்ட்னர், அதாவது பங்காளர் என்பவரோ முதலாளிகளில் ஒருவர், அவருக்கு யாரும் ஈ.பி.எஃப் கட்டுவதில்லை. ஆகவே "தொடர்ந்து கட்டுவோம்" என்று நிறுவனம் சொன்னால், பெயர் எதுவாக இருந்தாலும் உங்களை இன்னும் ஊழியராகவே பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இனிக் கட்டமாட்டோம்" என்றால் இலாபத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அடுத்த கேள்வி வர வேண்டும். அதற்கும் தெளிவான பதில் இல்லை, மாதாமாதம் ஒரு தொகை மட்டும் வரும் என்றால், ஊழியருக்குரிய பாதுகாப்பும் போய், முதலாளிக்குரிய பங்கும் கிடைக்காத இடத்தில் உங்களை உட்கார வைக்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அப்படி உட்காரப் போகிறவர்களுக்குத்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஏன் புதிதாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ நாம் பார்த்து வளர்ந்த சட்டத்தரணி தனி ஆள். கறுப்புக் கோட்டு, ஒரு கிளாக்கர், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை. பிணைக்கு நிற்பார், காணி உறுதி எழுதுவார். பலர் சேர்ந்து ஒரே பெயரில் தொழில் செய்யும் நிறுவனம் கொழும்புச் சரக்கு. எப்.ஜே. அன்ட் ஜி. டி சேரம் 1841இல் தொடங்கியது, ஜூலியஸ் அன்ட் கிரீசி 1879இல். அந்தக் காலத்தில் வாதாடும் அட்வகேட், ஆவண வேலை பார்க்கும் புரொக்டர் என்று தொழில் இரண்டாகப் பிரிந்திருந்தது. எழுபதுகளில் இரண்டையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கினார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. நீதிமன்றத்தில் வாதாடுபவர்கள் பெரும்பாலும் இன்னமும் தனியாகத்தான் நிற்கிறார்கள். கம்பெனி, வங்கி, முதலீடு, காணி உறுதி என்று இருப்பவர்கள்தான் சேர்ந்து தொழில் செய்கிறார்கள்.

அங்கே ஏணி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பயிலுநர், ஜூனியர், அசோசியேட், சீனியர் அசோசியேட், பார்ட்னர். கடைசிப் படி இரண்டாக உடைந்திருப்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. முதல் போட்டு இலாப நட்டத்தில் பங்கெடுக்கும் பார்ட்னர் ஒரு வகை. பெயர் மட்டும் பார்ட்னர், வருமானம் சம்பளம் என்பது இன்னொரு வகை. இது கொழும்பின் கண்டுபிடிப்பு இல்லை, உலகம் முழுக்க இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பார்ட்னர் என்றால் ஒரே வகைதான் என்று நீண்ட காலம் பிடிவாதமாக இருந்த நியூயோர்க்கின் கிரவாத் நிறுவனமே 2023இல் சம்பளப் பார்ட்னர் என்ற படியைக் கொண்டுவந்தது.

சரி, பெயருக்குப் பார்ட்னராக இருந்தால் என்ன கெட்டுப்போய்விடும்?

இலங்கையில் பங்குடமைக்கென்று (பார்ட்னர்ஷிப்) தனியாக ஒரு முழுமையான சட்டம் கிடையாது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பங்குடமை விடயங்களில் இங்கிலாந்தின் சட்டத்தையே பின்பற்றச் சொல்கிறது. அதனால்தான் 1890ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடமைச் சட்டம் நம் தலையில் இருக்கிறது. உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு இது பழைய நண்பர். "உடன்படிக்கை இல்லாதவிடத்து இலாப நட்டம் சமமாகப் பகிரப்படும், பங்காளருக்குச் சம்பளம் இல்லை, மூலதனத்துக்கு வட்டி இல்லை, கடனுக்கு 5 வீத வட்டி" என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். பரீட்சைக்காகப் படித்த அந்த வரிகள் தன் சொந்தக் கையெழுத்துக்கும் பொருந்தும் என்பது, சட்டம் படித்து முடித்தவருக்குக்கூட சில நேரம் உறைப்பதில்லை.

கணக்கீட்டுப் புத்தகம் அவ்வளவாகத் தொடாத பிரிவு ஒன்று இருக்கிறது, 14ஆம் பிரிவு. தன்னைப் பங்காளர் என்று காட்டிக்கொள்பவரும், பிறர் அப்படிக் காட்டுவதைத் தெரிந்தே விட்டுவிடுபவரும், அதை நம்பி நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவருக்குப் பங்காளரைப் போலவே பொறுப்பாளி. லெட்டர்ஹெட்டின் இடப்பக்க ஓரத்தில் வரிசையாகப் பெயர்கள் இருக்குமே, அதில் உங்கள் பெயர் ஏறியதும், உள்ளே உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இருக்கிற ஒப்பந்தத்தில் "சம்பளம் மட்டும்" என்று எழுதியிருப்பது வெளியே இருக்கிற வங்கிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. ஒரு சம்பளப் பார்ட்னருக்கு உண்மையில் தேவைப்படுவது இரண்டே வரிகள்: நிறுவனத்தின் கடன், நட்டஈடு எதற்காவது என்னிடம் கேட்டு வந்தால் பங்குள்ள பார்ட்னர்கள் அதை ஏற்று என்னைக் காப்பாற்ற வேண்டும், தொழில்சார் காப்புறுதியில் என் பெயரும் இருக்க வேண்டும். சம்பள உயர்வைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுகிறவர்கள் இந்த இரண்டு வரியைக் கேட்பதற்குத் தயங்குகிறார்கள். கேட்டால் நம்பிக்கை இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்களாம். மற்றவர்களுக்கு ஒப்பந்தம் எழுதிப் பிழைக்கிற இடத்தில் ஒப்பந்தத்தை வாசித்ததற்காகக் கோபிப்பார்கள் என்றால், அதையும் கையெழுத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பங்குள்ள பார்ட்னராக அழைத்தால் கேள்விகள் வேறு. முதல் எவ்வளவு, எப்போது போட வேண்டும்? வங்கிக் கடன் எடுத்துப் போட்டால் வட்டி யார் தலையில்? விலகினால் அந்தப் பணம் எத்தனை மாதத்தில் திரும்பும்? நம் வீடுகளில் இது வெறும் கணக்கு விடயமாக இருப்பதில்லை. தங்கச்சியின் கல்யாணம், தம்பியின் படிப்பு, லயத்தை விட்டு வெளியே வந்து கட்டத் தொடங்கிய வீடு எல்லாம் அந்த ஒரு சம்பளத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பங்காளருக்கு மாதச் சம்பளம் நிச்சயமில்லை. வருடக் கணக்கு முடிந்தால்தான் உண்மையான தொகை தெரியும். சம்பளத்தில் பிடிப்பதுபோல மாதாமாதம் வரியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கவும் யாருமில்லை. ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று காலாண்டுத் தவணைகளை நீங்களே ஞாபகம் வைத்துக் கட்ட வேண்டும்.

இன்னொன்று, சேவைக்காலப் பணம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த ஊழியர் விலகும்போது, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் அது கிடைக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். ஊழியராக இருந்து பங்குள்ள பார்ட்னராக மாறுகிற நாளில் அந்த ஊழியம் முடிகிறது. தோட்டத்தில் பெயர் வெட்டி வேலையை விட்டு விலகுகிறவர்கள் இந்தப் பணத்தை மறப்பதில்லை. பார்ட்னர் ஆகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி, அந்தக் கதிரைக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பெரிய நிறுவனத்தில் பார்ட்னராக்கலாமா என்று பேசும்போது பார்ப்பது பெரும்பாலும் எண்களைத்தான்: எத்தனை மணித்தியாலம் பதிந்தார், எவ்வளவு காசு உள்ளே வந்தது, யாரைக் கட்சிக்காரராகக் கொண்டுவந்தார். டைம்ஷீட்டில் ஒரு மணித்தியாலத்தை ஆறு ஆறு நிமிடமாகப் பத்தாக வெட்டி எழுதுவார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் கோட்டைவிடுகிறார்கள். தமிழில் ஒரு சத்தியக்கடதாசி வந்தால், தோட்டத்திலிருந்து ஒரு தொழிற்சங்கக் கடிதம் வந்தால், "கொஞ்சம் வாங்க, இதுல என்ன இருக்கு?" என்று பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவார்கள். போய் வாசித்து, விளக்கி, பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து தன் வேலையைத் தொடர்வார்கள். அந்த இருபத்தைந்து நிமிடம் எங்கேயும் பதியப்படாது. வருடக் கடைசியில் பார்த்தால் அவருடைய மணித்தியாலம் குறைவு, அந்தக் கோப்பை வைத்திருந்தவருடையது அதிகம். இது உதவி இல்லை, சட்ட வேலை. கோப்பு இலக்கத்தைக் கேட்டு, "தமிழ் ஆவண மீளாய்வு, 0.4" என்று அன்றைக்கே எழுதுங்கள். முதல் தடவை யாராவது புருவத்தை உயர்த்தினால் உயர்த்தட்டும்.

மொழி என்று வந்ததால் ஒன்று. சட்டக்கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020 இறுதியில் வர்த்தமானி வந்தது. 2023இல் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது. தோற்கடித்தது சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் தமிழில் எழுதிச் சித்தியடைந்தவர் கொழும்பு நிறுவனத்துக்குள் போனால் ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே மலையக நீதிமன்றத்துக்கு வந்தால் நடவடிக்கை சிங்களத்தில் இருக்கும். உரிமை ஒரு பக்கம், தொழில் இன்னொரு பக்கம். மூன்று மொழியையும் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டு இடத்திலும் போட்டி குறைவு.

கட்சிக்காரர் விடயத்தில், கொழும்புப் பெரிய பாடசாலைகளின் பழைய மாணவர் வட்டம் நமக்கு இல்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. நம் மலையிலேயே கொழும்பு நிறுவனங்களுக்கு வேலை இருக்கிறது. ஆற்றோரங்களில் முளைத்த சிறு நீர்மின் நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னத் திட்டத்துக்கே காணிக் குத்தகை, சுற்றாடல் அனுமதி, மின்சாரக் கொள்வனவு உடன்படிக்கை, வங்கிக் கடன் ஆவணங்கள் என்று ஒரு அலுமாரி நிறையும். நுவரெலியா, எல்ல பக்கத்து ஹோட்டல்கள், தேயிலை ஏற்றுமதி, தோட்டக் கம்பெனிகளின் குத்தகை எல்லாம் அப்படித்தான். பிரதேச செயலகத்தில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவருக்கு இதில் ஒரு முன்னுரிமை உண்டு.

ஆனால் இதே இடத்தில்தான் ஒரு முள்ளும் இருக்கிறது. பெருந்தோட்டக் கம்பெனிகள் கொழும்பு நிறுவனங்களின் கட்சிக்காரர்களாக இருக்கும். ஒரு நாள், தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையின் கோப்பு ஒன்று உங்கள் மேசைக்கு வரும். விண்ணப்பதாரர் பட்டியலில் உங்கள் மாமா வேலை செய்யும் தோட்டத்து டிவிஷனின் பெயர் இருக்கும். யாருக்காக ஆஜராவது என்பது ஒரு கேள்வி. அதைவிடச் சிக்கல், கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது, "நம்ம தோட்டத்துக் கேஸ் உங்க ஒபிஸ்லதானே இருக்கு, என்ன செய்யப் போறாங்களாம்?" என்று கேட்கப்படுவது. ஒரு சொல் சொன்னாலும் தொழில் போய்விடும். சொல்லாவிட்டால் "கோட்டுப் போட்டதும் மாறிட்டா" என்பார்கள். கோப்பைப் பார்த்த அன்றே, உறவு இருப்பதைச் சொல்லி மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவித்து விலகுவதுதான் வழி. நல்ல நிறுவனம் அதை மதிக்கும். உறவே இல்லாத தோட்டத்துக் கோப்பிலும் மனம் உறுத்தினால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. நான் என்றால் கம்பெனிப் பிரிவிலேயே இருந்துவிட்டுத் தொழிலாளர் பிரிவுக்குப் போகமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

சிலர் போதும் என்று ஊருக்குத் திரும்பி, கூடப் படித்த ஒருவரோடு சேர்ந்து ஹட்டனிலோ கண்டியிலோ ஒபிஸ் போடுகிறார்கள். நல்ல விடயம், வரவேற்கிறேன். ஆனால் இந்த இரண்டு பேர் கூட்டுகளில்தான் எழுத்தே இருப்பதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மூலதனம் 1,000 ரூபாவைத் தாண்டும் பங்குடமைக்குக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்கிறது. ஆயிரம் ரூபாவுக்கு இன்று ஒபிஸுக்கு ஒரு நல்ல கதிரைகூட வராது. அதாவது நடைமுறையில் எல்லாக் கூட்டுக்கும் எழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் நண்பர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கூட்டை வைத்து வழக்குப் பேச முடியாமல் தவிக்கலாம். வெளியாள் மட்டும் இருவர் மீதும் தாராளமாக வழக்குப் போடலாம். முரண்பட்டவரைக் கூட்டிலிருந்து நீக்கிவிட்டோம் என்று சொல்வதும் லேசில்லை. வெளியேற்றும் அதிகாரம் உடன்படிக்கையில் வெளிப்படையாக இல்லாவிட்டால் பெரும்பான்மையால்கூட ஒரு பங்காளரை நீக்க முடியாது என்கிறது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு.

பெரிய நிறுவனத்தை விட்டு வரும்போது செய்ய வேண்டியவை இரண்டு. விலகுவதற்கு முன் ஏற்பட்ட கடன்களுக்குப் பொறுப்பு தொடரும் என்பதால் அதற்கு எழுத்தில் விடுவிப்புக் கேளுங்கள். விலகியதை வங்கிக்கும் கட்சிக்காரர்களுக்கும் அறிவித்து, லெட்டர்ஹெட்டிலிருந்தும் வியாபாரப் பெயர்ப் பதிவிலிருந்தும் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, உங்கள் பெயரில் கோவைப்படுத்திய புரொக்சிகள், அதாவது தனக்காக வழக்கை நடத்தக் கட்சிக்காரர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரங்கள். சிவில் வழக்கில் புரொக்சி நிறுவனத்தின் பெயரில் இருப்பதில்லை, பதிவுபெற்ற சட்டத்தரணியாக உங்கள் பெயரில் இருக்கும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 27ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்தின் அனுமதியோடு அது இரத்தாகும்வரை, வழக்கு நடந்துகொண்டிருக்கும் காலமெல்லாம் அது செல்லும். நீங்கள் ஹட்டனில் புதுப் பலகை மாட்டியிருந்தாலும் மேன்முறையீட்டு அறிவித்தல் பழைய முகவரிக்கு உங்கள் பெயரில்தான் போகும். அங்கே யாரும் அதைத் திறக்காவிட்டால் முறைப்பாடு உங்கள் மேல்தான் வரும். எனவே கடைசி மாதத்தில் கிளாக்கரோடு உட்கார்ந்து வழக்கு இலக்க வாரியாகப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றிலும் கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கிப் புதிய புரொக்சி கோவையில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.